எறும்புக்கு விட்ட வழி

செஞ்சிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பாண்டைராஜுக்கு அறுபத்தொரு வயது. பேச்சு குறைவு. குடம் வாங்க வருகிறவர்கள் நல்ல குடமா என்று கேட்டால், தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். மனைவி அனந்தி இறந்த பிறகு, இந்த ஆறு வருடத்தில் அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. ஆனால் தை மாதத்தில் ஒரு நாள் மனிதர் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு மலையேறுவார். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குச் சாரணர் முகாம் நடக்கும்போது, நடைபயணத்துக்கு வழிக்குறி வைக்கிறவர் அவர்தான். பத்தொன்பது வருடமாக.

வழிக்குறி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒருவர் ஒரு மணி நேரம் முன்னால் போய், கல்லாலும் குச்சியாலும் அம்பு வைத்துக்கொண்டே நடப்பார். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பின்னால் வருவார்கள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வழியில் போகக்கூடாது. கற்களை வட்டமாக அடுக்கி நடுவில் ஒரு கல் வைத்திருந்தால், பாதை முடிந்தது என்று அர்த்தம். கூட்டமாக நடக்கும் ஒரு நடையில் தனியாகப் போகிற ஒரே ஆள் இவர். அந்த வேலையை இவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை.

சாப்பாட்டிலும் அப்படித்தான். அவர் சமணக் குடும்பத்துக்காரர்; பொழுது சாய்ந்தபின் எதையும் வாயில் போடமாட்டார். முகாமின் விருந்தோ பொழுது சாய்ந்தபின்தான். "கொஞ்சமாச்சும் சாப்டுங்க சார்" என்று நாலு பேர் சொல்வார்கள், நாலு பேருக்கும் காரணம் சொல்லவேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் முன்கூட்டியே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்த வருடம் முகாமுக்குப் புதுப் பொறுப்பாளராக வந்த ஷோபனா டீச்சர் முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க ராத்திரில சாப்பிட மாட்டீங்களாமே. அப்ப மத்தியானம் மலமேல எங்களோட உக்காந்துதான் சாப்பிடணும். நாங்க வர்ற வரைக்கும் பொட்டலத்தப் பிரிக்கக்கூடாது."

"சரிம்மா," என்றார்.

ஆறு வருடமாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. முந்தின நாளே முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் பொரி உருண்டை பிடித்தார். பழக்கமில்லாத கை, உருண்டை என்று சொன்னால்தான் தெரியும். விடியற்காலையில் எலுமிச்சைச் சோறு கிளறி வாழை இலையில் கட்டிக்கொண்டார்.

சிங்கவரம் சாலையை ஒட்டிய குன்றில்தான் நடை. பாதி மலையில், ஒரு பெரிய பாறைக்கு முன்னால், பாதையின் குறுக்கே எறும்புச் சாரை. வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் இடம் மாறிக்கொண்டிருந்தன. பின்னால் அறுபத்துநாலு பூட்ஸ் கால்கள் வருகின்றன. வேறு யாராக இருந்தாலும் அம்பை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவருக்கு மனசு வரவில்லை. பாதையில் பெருக்கல் குறி போட்டு, பாறையை இடப்பக்கமாகச் சுற்றும் ஆட்டுத்தடத்துக்கு அம்பு வைத்தார். அந்தத் தடம் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் பாதையில் வந்து சேரும். அவருக்கு முழங்கால் வலி. அதனால் அவர் மட்டும் காலை அகல வைத்து எறும்புகளைத் தாண்டி, நேராக ஏறிவிட்டார்.

தப்பு அங்கேதான் நடந்தது. ஆட்டுத்தடம் பாறைக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே ஏரிக்கு இறங்கும். அந்த வழியில் இவர் நடக்காததால், பிரிகிற இடத்தில் அம்பு வைக்கவும் இல்லை.

உச்சியில் கல்வட்டம் அடுக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்தார். எதிரே ராஜகிரிக் கோட்டையில் ஆட்கள் புள்ளி புள்ளியாக ஏறி இறங்கினார்கள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. நடையில் யாரும் செல்போன் கொண்டுவரக்கூடாது என்பது இவரே போட்ட சட்டம். குறி வைத்தவர் முடிகிற இடத்தை விட்டு அசையக்கூடாது என்பதும் இவர் போட்டதுதான். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் சொன்ன வார்த்தைக்காகப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு எங்கோ விசில் சத்தம் கேட்டது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். கீழே ஏரிக்கரையில் பிள்ளைகள் மரத்துக்கு மரம் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு எப்போதோ முடிந்திருக்கவேண்டும். கூப்பிட்டுப் பார்த்தார். பேசியே பழகாத தொண்டை. குரல் பாதி மலைகூட இறங்கவில்லை. என்னை ஒருத்தர்கூடத் தேடவில்லையே என்று நினைத்தார். கண் கலங்கியது. துடைக்கவும் இல்லை, பார்க்கத்தான் யாரும் இல்லையே.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெருக்கல் குறி போட்ட இடத்தில் எறும்புகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை. ஏரிக்கரைக்கு வந்தபோது அங்கேயும் ஆள் இல்லை. சாலையில் நடந்துகொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. சோற்றுப் பொட்டலம் அப்படியே பைக்குள் இருந்தது.

முகாம் நடக்கும் மைதானத்து வாசலில் வாட்ச்மேன் ஆதிமூலம் நின்றிருந்தார்.

"இன்னா சார், இப்பதான் வர்றீங்க? ஏரிக்கரையில உங்களக் காணோம்னு டீச்சர் ரெண்டு வாட்டி வந்து கேட்டாங்க. நீங்க வூட்டுக்குப் போயிருப்பீங்கன்னு நான்தான் சொன்னேன். எப்பவும் சொல்லாமதான போவீங்க?"

"எண்ணிப் பாக்கலியா?"

"பாத்தாங்களே. ஜோடி ஜோடியா நிக்கவெச்சு எண்ணுனாங்க. கரெக்டா இருந்துச்சு."

இவர் எந்த ஜோடியிலும் இல்லை. அவர்கள் மேல் கோபப்பட வழியே இல்லை என்பதுதான் அதிகம் வலித்தது. பத்தொன்பது வருடமாக, தேடவேண்டாம் என்று இவர்தான் எல்லோரையும் பழக்கியிருக்கிறார்.

உள்ளே பந்தி போட்டிருந்தார்கள். சைக்கிள் எப்போதும்போல யார் கண்ணிலும் படாத பின்சுவரோரம் நின்றது. எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பூட்டைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடி பூட்டிவிட்டு, பொரி உருண்டைப் பையோடு உள்ளே போய், பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார்.

ஷோபனா டீச்சர் ஓடிவந்தார். "ஐயா, எங்க போயிட்டீங்க?"

"மேலதாம்மா இருந்தேன். குறி வெக்கிறதுல தப்புப் பண்ணிட்டேன்."

டீச்சருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவருடைய பார்வை பையில் இருந்த பொட்டலத்துக்குப் போனது. "காலையிலருந்து சாப்பிடலியா நீங்க?"

"இனிமே நாளைக்குத்தாம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

பரிமாறுகிறவர் ஒரு இலையைப் போட்டுவிட்டுப் போனார். வேண்டாம் என்று சுருட்டப்போனவரின் கையை டீச்சர் தடுத்தார். "இருக்கட்டும் ஐயா. எடுத்துட்டா எடம் போயிடும்."

எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அப்பாண்டைராஜ் அந்த வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.