மைனஸ் பன்னிரண்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடுராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் என்னோடு அன்று காரில் இல்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். செவ்வாய் எனக்கு விடுமுறை. என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எனக்கும் மாமாவுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. கார் கூரையில் ஆன்டெனாவை ஒட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுவோம். எந்த வீட்டில் என்ன பெயரில் வைஃபை இருக்கிறது, எவ்வளவு வலுவாக வருகிறது என்று லேப்டாப் குறித்துக்கொள்ளும். அதை வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். யார் வைஃபையிலும் நுழைய மாட்டோம். எண்ணுவதோடு சரி. நாற்பத்தோராயிரம் புள்ளி சேர்த்திருந்தோம்.

"ஊரான் வீட்டு வைஃபைய எண்ணுறதுல அப்படி என்னதான் சொகமோ!" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வாரம் எண்ணுவதற்காகச் சுற்றவில்லை. மாமாவின் தங்கையைக் காணவில்லை.

இருபத்தாறு வயதானாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். விலைக்கு வரும் கட்டடங்களைப் போட்டோ எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. முந்தைய புதன்கிழமை காலை ஸ்கூட்டரில் கிளம்பியவள் திரும்பவில்லை. ஸ்கூட்டர் ரயில் நிலைய வாசலில் கிடந்தது. ஃபோன் அன்று மதியமே அணைந்துவிட்டது. "வீட்ல ஏதாச்சும் சண்டையா? கோவிச்சுக்கிட்டு ரயிலேறியிருப்பாங்க" என்று போலீஸ் சொல்லிவிட்டது.

சண்டை நடந்தது உண்மை. விடிய விடிய ஃபோன் பார்க்கிறாள் என்று மாமா ஒரு கோபத்தில் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். அதன்பிறகு இரண்டு நாள் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆளே இல்லை. ஒரு வாய்ச் சோறு அவருக்கு உள்ளே இறங்கவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை.

ஆறாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழகிய வைஃபை பக்கத்தில் வந்தால் ஃபோன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் போட்டு ஒரு வைஃபை பெட்டியைக் காரின் பின் சீட்டில், வலது பக்கம் வைத்தார்.

"எந்த மூலையில கெடந்தாலும் சரி. அவ ஃபோன்ல உயிர் இருந்தா வந்து ஒட்டும்டா."

காலை ஒன்பதிலிருந்து ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை.

மணி 3.10. ஊர் எல்லையில், பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்கு கட்டடங்கள். சன்னல் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் ஓட்டை. கேட் திறந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை. முந்தின வாரம் பெய்த மழை இன்னும் பள்ளங்களில் தேங்கியிருந்தது.

லேப்டாப்பில் ஒரு பெயர்கூட வரவில்லை.

"ஈ காக்கா இல்ல. திருப்புடா" என்றார் மாமா.

3.14. லேப்டாப் 'டொக்' என்றது.

எங்கள் பெட்டியில் ஒரு ஃபோன் ஒட்டியிருந்தது. பெயர்... பாப்பா. வலு, மைனஸ் எண்பத்தெட்டு.

இந்த எண் பெரிதாக இருந்தால் ஆள் தூரம். குறையக் குறைய ஆள் பக்கம். எண்பத்தெட்டு என்றால் மிகத் தூரம். ஆனால் இருக்கிறாள்!

மாமா கத்தியேவிட்டார். அவள் எண்ணுக்கு அழைத்தார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் அழைத்தார். ஸ்விட்ச் ஆஃப்.

"ஆஃப் ஆன ஃபோன் எப்படி மாமா ஒட்டும்?"

"வாய மூடிட்டு ஓட்டு."

மெதுவாக ஓட்டினேன். எழுபத்தொன்பது. எழுபது. மூன்றாவது கட்டடத்தின் முன்னால் அறுபத்தொன்று. நிறுத்தினேன். இன்ஜினை மட்டும் அணைத்தேன், சாவியைத் திருப்பியபடியே விட்டேன். மணி 3.19.

"பாப்பா!" என்று மாமா குரல் கொடுத்தார். அவர் குரலே திரும்பி வந்தது.

பிறகு... டங்.

கட்டடத்துக்குள் எங்கோ. இரும்பில் எதுவோ படும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி... டங்.

"லிஃப்ட் தண்டவாளத்துல தட்டுற மாதிரி இருக்கு" என்றார் மாமா. காது கொடுத்துக் கேட்டார். "நட்டு வெச்சுட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருப்பானுங்க. காத்துல ஆடுது."

காற்று அடிக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"மாமா... நம்பரப் பாருங்க."

ஐம்பத்திரண்டு.

கார் நிற்கிறது. நாங்கள் அசையவில்லை. நாற்பத்தேழு. நாற்பது. அப்படியென்றால் நகர்வது அதுதான். எங்களைப் பார்த்து வருகிறது.

நான் சாலையைப் பார்த்தேன். நேரான சாலை. பட்டப்பகல். ஒரு நிழல்கூட இல்லை.

3.23. முப்பத்தொன்று.

மாமா காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

இருபத்துநான்கு.

பத்தொன்பது.

"பாப்பா...?" இந்த முறை மெதுவாகக் கேட்டார்.

பன்னிரண்டு.

பெட்டியின் மேலேயே ஃபோனை வைத்தால்தான் பன்னிரண்டு வரும். பெட்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

டிங்... டிங்... டிங்...

இது லேப்டாப் இல்லை. காரின் டாஷ்போர்டு. பின் சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்றால் அடிக்கும் மணி. சிவப்பு விளக்கு எரிந்தது. பின் சீட், இடது பக்கம்.

கண்ணாடியில் பார்த்தேன்.

யாரும் இல்லை.

சீட் மட்டும்... அமுங்கியிருந்தது.

நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

"நிறுத்துடா! அவடா! நிறுத்து!"

நிறுத்தவில்லை. டிங் டிங் டிங் டிங்... மணி கேட் வரைக்கும் அடித்தது. கேட்டைத் தாண்டியதும் நின்றது. விளக்கு அணைந்தது. லேப்டாப்பில் அந்த வரி இல்லை.

3.26.

வீட்டுக்கு வந்ததும் மாமா திரும்பப் போகலாம் என்றார். அக்கா அழுதாள். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி எடுத்துச் சொன்னேன். "ஆவியா வந்துட்டாளே மாமா. அப்புறம் என்ன இருக்கு? பாப்பா போயிட்டா. இனி யாரைத் தேடப் போறீங்க?" அவர் லேப்டாப்பை மூடி வைத்தார். பிறகு நான் சொன்னதை ஏற்றுக்கொண்டார். தேடுவதை அன்றோடு விட்டோம்.

புதன்கிழமை காலை மட்டும் ஒரு முறை கார் சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அந்தக் குடியிருப்பில் தேங்கிய தண்ணீரை இறைக்க வந்த ஆட்கள் அவளைக் கண்டார்கள். மூன்றாவது கட்டடம். லிஃப்டுக்காக விட்ட குழியின் அடியில். போட்டோ எடுக்கப் போனவள் முதல் மாடியிலிருந்து தவறி விழுந்திருக்கிறாள். வெளியே நின்ற ஸ்கூட்டரை எவனோ திருடி ஓட்டிப்போய், ரயில் நிலையத்தில் விட்டிருக்கிறான்.

ஃபோன் அந்த ஸ்கூட்டரின் பெட்டியில் இருந்திருக்கிறது. திருடன் மறுநாளே வேறொரு வழக்கில் பிடிபட்டான். அவனிடம் கிடைத்த மூட்டையோடு அந்த ஃபோனும் போலீஸ் நிலைய அலமாரியில் கிடந்தது. பிரித்துப் போட்ட ஃபோன், பேட்டரியே இல்லை. செவ்வாய்க்கிழமை மதியமும் அது அங்கேதான் இருந்தது. அப்படியானால் எங்கள் வைஃபை பெட்டியில் ஒட்டியது எது? பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தது யார்? எனக்குத் தெரியாது. இறந்தவள் என்று நினைத்துத்தான் ஓடி வந்தேன்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் மாமாவும் நானும் போனோம்.

"ரெண்டு காலும் முறிஞ்சிருக்கு. குழியில இருந்த மழைத் தண்ணிய குடிச்சுத் தாக்குப் பிடிச்சிருக்காங்க" என்றார் டாக்டர். "உயிர் போனது புதன்கிழமை ராத்திரி."

"விழுந்த அன்னிக்கா டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"இல்லைங்க. இந்தப் புதன்கிழமை."