மொட்டைமாடியில் பரப்பிய வைக்கோல்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போட்டது நான்தான். காங்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் கக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய எனக்குத் தெரியாததல்ல. தளம் போட்ட வீட்டுக்காரர் என்ற பெயர் வேண்டியிருந்தது, கட்டினேன்.

அந்தப் பங்குனியில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். இரண்டு முறை கலைந்த பிறகு தங்கிய கரு. அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மின்விசிறி மேலிருந்த அனலைத்தான் கீழே தள்ளியது. கரண்டு பில் வரும்போது நான் முணுமுணுப்பேன் என்று, நான் பள்ளிக்குக் கிளம்பியதும் அதையும் அவள் நிறுத்திவிடுவாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது அரசாங்கம் குத்தகைக்காரர்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு எழுப்புவது கடினம். எங்கள் வயலைப் பல வருஷமாக உழுதுவந்தவரும் மனுப் போட்டிருந்தார். அவர் அளந்த நெல்லுக்கு என் அப்பாவும் சரி, நானும் சரி, ஒரு சீட்டுக்கூடக் கொடுத்ததில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் அனேகமாக எல்லோரும் அப்படித்தான். சீட்டு பிற்பாடு சாட்சியாகிவிடும். வைக்கோல் உழுகிறவருக்குத்தான் சேரும் என்பதால், சீட்டு இல்லாத இடத்தில் அது யார் வீட்டில் கிடக்கிறது என்று விசாரணைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

ஒரு காலை அந்தக் குத்தகைக்காரர் வண்டி நிறைய வைக்கோலோடு என் வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா இது?"

"மாடியில பரப்பலாம்னுங்க. அம்மா உள்ள வேகுறாங்க. உங்க தளத்துல மாவு மட்டும் ஊத்தினாப் போதும், தோசை வந்துரும்."

"உன் மாட்டுக்கு?"

"ரெண்டு கட்டு எடுத்து வச்சிருக்கேங்க."

நான் சிரிக்கவில்லை. மனுப் போட்டவர் எனக்கு எதற்கு உதவ வேண்டும்? மாடியில் பொருளைப் போட்டுவிட்டு, பிறகு வீட்டிலும் பாத்தியம் கேட்பாரோ? ஏறி இறங்குவதைப் பார்க்கத் தெருவில் யாரையாவது நிறுத்தியிருக்கிறாரோ? விவசாயிகள் சங்கத்தில் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று முடிவு செய்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டே தெருவைப் பார்த்தேன். அவர் முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பி, மேலே தென்னை மட்டைகளை அடுக்கி, கயிறு கட்டி இறங்கினார். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். இத்தனை நாள் கேட்காதவர் இன்று ஏன் கேட்கிறார் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

மறுநாள் உச்சிவெயிலில் என் மனைவி விசிறி இல்லாமலே தூங்கினாள். வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கீழே விடாது, நான் நடத்துகிற பாடம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, இதில் என்ன சூழ்ச்சி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் விசாரணை அதிகாரி வந்தார். குத்தகைக்காரரின் கொல்லையைப் பார்த்தார். அரைக் கட்டுதான் மீதியிருந்தது. பிறகு என் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இந்த வைக்கோல் யாரோடது, சார்?"

குத்தகைக்காரர் பக்கத்திலேயே இருந்தார். நடந்ததை நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிப் பேசாமல் நின்றார். அந்த மௌனமும் எனக்குத் தந்திரமாகப் பட்டது. முந்திக்கொண்டேன்.

"என் வயல்ல அறுத்தது. சொந்தமாத்தான் பயிர் பண்றேன். இவர் கூலிக்கு வர்றவர்."

"ஐயா, நான் கொண்டாந்து போட்டதுன்னு சொல்லுங்க. அம்மாவுக்காகப் போட்டதுங்க."

நான் சொல்லவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியாகும் என்பது அப்போதே மூவருக்கும் தெரிந்தது. அப்படியே ஆயிற்று. அடுத்த குறுவைக்கு அந்த வயலில் வேறு ஆள் இறங்கினார்.

அவர்கள் போனதும் உள்ளே வந்தேன். என் மனைவி வாசல் பேச்சையெல்லாம் கேட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் நம்மை ஏமாற்றத்தான் வந்தான் என்றேன்.

"அவர் ஏமாத்த வந்தார்னு யார் சொன்னா?"

"சும்மா எவன் செய்வான்?"

"எனக்குச் செஞ்சாரேங்க."

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து, கொல்லைப்புறத் தகரச் சார்ப்புக்குப் போனாள். வியர்த்து வழிய அங்கேயே கிடந்தாள். கெஞ்சினேன், அதட்டினேன். வரவில்லை. வைகாசியில் பெண் பிறக்கும்வரை அவள் பகல் பொழுது அந்தத் தகரத்தடியில்தான் கழிந்தது. குளிர்ந்த அறையில் நான் ஒருவன் படுத்திருந்தேன்.