சுவாஹிலி தெரிந்த சமையல்காரர்

மேற்கு மாம்பலத்தில் ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே மொழிபெயர்ப்பு அலுவலகம் வைத்திருக்கிறார் சுலோச்சனா. சான்றிதழ், பத்திரம், வக்கீல் நோட்டீஸ் என்று இருபது வருடமாக ஆங்கிலமாக்கி, அடியில் ‘சரியான மொழிபெயர்ப்பு’ என்று கையெழுத்துப் போடுகிறவர். அந்தக் கையெழுத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, அதையும் விட்டால் அந்த இருட்டறையில் வேறு என்ன இருக்கிறது?

போன மாதம் தி.நகர்க் கடைக்காரர் சுஹாஸ் ஓர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். தான்சானியாவிலிருந்து வரவழைத்து விற்கப் போகிறாராம். பெயர் கஷாட்டா. என்னென்ன சேர்த்தது என்று பின்பக்கம் சுவாஹிலியில் அச்சிட்டிருந்தது.

“இங்கிலீஷ்ல ஒட்டணும் மேடம். போன்ல போட்டா என்னென்னவோ வருது. குழந்தைங்க சாப்பிடற பொருள். மனுஷங்க யாராவது பார்த்துச் சொல்லி, நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

சுலோச்சனா வீறாப்பாக வாங்கி வைத்துவிட்டார். பிறகுதான் தலை சுற்றியது. உருதுக் காகிதம் வந்தால் படித்துச் சொல்ல உம்மே ஹானி இருக்கிறார். சுவாஹிலிக்கு எந்தக் கதவைத் தட்டுவது? மூன்று நாள் அலைந்ததில் அகப்பட்டவர் சாந்தோம் லாரன்ஸ். மொம்பாசா பக்கம் கப்பலில் பதினோரு வருடம் சமையல் செய்தவர். சுவாஹிலி பேச்சு தண்ணீர் பட்ட பாடு. படிக்கத்தான் வராது.

ஆகவே, ஆங்கில எழுத்தில் இருந்த சுவாஹிலியைச் சுலோச்சனா வாசிக்க, லாரன்ஸ் தமிழில் சொன்னார்.

“சக்கர. தேங்கா. பாலு. ஏலக்கா. உப்பு. தேங்காய நல்லா வறுக்கணும்மா, இல்லன்னா வாசன வராது.”

வறுப்பது பொட்டலத்தில் இருக்கிறதா, லாரன்ஸின் கைப்பக்குவமா? எழுதினார், அடித்தார். எண்ணிப் பார்த்தால் பொட்டலத்தில் ஆறு பொருள், காகிதத்தில் ஐந்து. மறுபடி வாசித்தார். மறுபடியும் ஐந்துதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாவது வார்த்தைக்கு லாரன்ஸ் வாயே திறக்கவில்லை.

“இது என்ன அண்ணே?”

“அத்த வுடும்மா.”

“விடறதா? என்னன்னு சொல்லுங்க.”

“வேர்க்கடல.” லாரன்ஸ் தரையைப் பார்த்தார். “கப்பல்ல எங்கூட இருந்தவன், நான் கடல அரைச்சு ஊத்துன கொயம்பத் துன்னுட்டு மூச்சு முட்டிப் பூட்டான். அவனுக்குக் கடல ஆவாது. அன்னிலேர்ந்து நான் அத்தக் கையால தொடறதில்ல. பசங்க துன்றதுன்னு சொன்னியே, இதுலயும் வோணாம்னு வுட்டேன்.”

சுலோச்சனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பேனாவை மூடி வைத்தார். எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

“நீங்க சொல்லலைன்னா கடலை அதுலேர்ந்து போயிடுமா அண்ணே? உள்ளேதானே இருக்கு?”

லாரன்ஸ் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப அத்தியே மொதல்ல போடும்மா. பெருசா எய்து. அன்னிக்கு அவங்கிட்டயும் நான் சொல்லல.”