கோடக்காவும் நாலாயிரம் பாக்கெட்டுகளும்

எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலி கோடக்காவுடையது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. கைப்பிடியில் உறை கிழிந்த இடத்தில் அவரே நீல நாடா சுற்றி வைத்திருக்கிறார். பக்கத்து மேஜை என்னுடையது. அதனால் அவரை நான் குறை சொன்னால் நம்பலாம், அனுபவித்தவள் நான்.

வேலை இதுதான். பாக்கெட்டில் அடைத்து விற்கிற உணவுகளின் வலைப்பக்கங்களைத் திறக்க வேண்டும். பால் இருக்கிறதா, முட்டை, கோதுமை, கடலை இருக்கிறதா என்று பார்த்து அட்டவணையில் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சமைக்கிற பள்ளிகளும் மருத்துவமனைகளும் அதை வாங்குகின்றன. இருந்தால் ‘உண்டு’. இல்லை என்று பக்கமே சொன்னால் ‘இல்லை’. பக்கம் வாயே திறக்காவிட்டால் நாங்களெல்லாம் ‘இல்லை’ போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அக்கா மட்டும் ஒரு கோடு போடுவார். போதாததற்கு, சாயங்காலம் எங்கள் கட்டங்களையும் துருவிப் பார்த்து, எங்கள் பொய் ‘இல்லை’களைக் கோடாக மாற்றிவிட்டுத்தான் பையை எடுப்பார். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். வைத்தவள் நான்தான்.

போன வருஷம் மேலாளர் ஒரு மென்பொருள்காரரை அழைத்து வந்தார். அவர் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் கொண்டுவந்திருந்தார். என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் அதுவே பக்கங்களைத் திறந்து, படித்து, அட்டவணையாக்கிக் கொடுத்துவிடுமாம். முந்நூறு பக்கங்களை அதற்கும் அக்காவுக்கும் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஏஜென்ட் சரியாகச் செய்துவிட்டால் மாதக் கடைசியில் ஜன்னலோர நாற்காலி மென்பொருள்காரருக்கு. மேலாளர் இதை அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். வேறு எந்த மேஜையும் காலி இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஏஜென்ட் நாற்பது நிமிஷத்தில் முடித்தது. அக்கா பதினோராவது பக்கத்தில் இருந்தார். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா எழுந்து போய் ஏஜென்ட் போட்ட அட்டவணையை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தார். முந்நூறு வரிசையிலும் ஒரு கோடு கூட இல்லை. கோடு போட அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. நாற்பத்தேழாவது வரிசையில் ஒரு பிஸ்கட், கடலைக்கு நேரே ‘இல்லை’. அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்தார். சேர்க்கைப் பொருள்கள் எழுத்தாக இல்லை, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். படத்தை அவர் பெரிதாக்கப் பெரிதாக்க, மூலையில் பொடி எழுத்தில் கடலை வந்தது. மென்பொருள்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். சேர்ந்த இரண்டாம் வருஷம் அவரும் எங்களைப் போலத்தான், சும்மா ஒரு கட்டத்தில் ‘இல்லை’ போட்டாராம். அந்த அட்டவணையைப் பார்த்துச் சமைத்த ஒரு பள்ளியில் ஒரு பெண் குழந்தைக்கு முகம் வீங்கி, மூச்சு முட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில். குழந்தை பிழைத்துக்கொண்டாள். தவறு யாருடையது என்று வெளியே யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேலி செய்திருக்கிறேன் பாருங்கள், என் வாயில் நாலு போட்டால் தகும்.

இனி ஏஜென்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மேலாளர் கையைப் பிசைந்தார். ஒரு பெரிய மருத்துவமனைக்கு வெள்ளிக்கிழமைக்குள் நாலாயிரம் பொருள் தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று, தலைகீழாக நின்றாலும் கையால் முடியாது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அதை எங்கிட்ட குடுங்க. நான் வேலை வாங்கிக்கறேன்” என்றார்.

வேலை வாங்கினார், சும்மா சொல்லக் கூடாது. ஏஜென்டுக்கு அவர் எழுதச் சொன்ன முதல் கட்டளை: பக்கத்தில் எந்த வரியைப் பார்த்து ‘உண்டு’, ‘இல்லை’ போட்டாயோ அந்த வரியை அப்படியே அட்டவணையில் அடுத்த கட்டத்தில் ஒட்டு, ஒட்ட வரி இல்லாவிட்டால் கோடு. முதல் ஓட்டத்தில் அது பயந்துபோய்க் கண்ட இடத்திலெல்லாம் கோடு போட்டது. கேசின் என்று கொட்டை எழுத்தில் இருந்த பக்கத்தில் பாலுக்குக் கோடு. கேசின் என்றால் பால்தான், அது அக்காவுக்குத் தூக்கத்திலும் தெரியும். பாலும் முட்டையும் கடலையும் என்னென்ன பெயரில் ஒளிந்துகொள்ளும் என்று இரண்டு நாள் மூச்சுவிடாமல் சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். படமாக இருக்கும் பக்கங்களுக்குக் கோடு போட்டுத் தனியாக ஒதுக்கு என்று மென்பொருள்காரர் ஒரு கட்டளை சேர்த்தார். அக்கா அவரை முதல் தடவையாகப் பாராட்டினார், மனிதர் அசடு வழிந்தார்.

புதன்கிழமை மதியம் நாலாயிரமும் முடிந்தது. கோடு விழுந்தவை முந்நூற்று இருபத்தாறு. படங்களைக் கண்ணால் படித்தோம். மற்றவற்றுக்கு, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களையே போனில் பிடித்துக் கேட்டு, எழுதியும் வாங்கினோம். வியாழன் மாலை மிஞ்சியது முப்பத்தாறு. யாரும் பதில் சொல்லவில்லை.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. நாலாயிரத்தில் முப்பத்தாறு, யார் பார்க்கப் போகிறார்கள், கோடு இருந்தால் வேலை முடியாத மாதிரி இருக்கும், ‘இல்லை’ போட்டுவிடலாம் என்றார். நாற்காலி விஷயத்தையும் ஜாடையாகத் தொட்டார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “போட்டுக்கலாம் சார். ஆனா அந்த முப்பத்தாறுக்கும் நேரா, பார்த்த வரின்னு இருக்கற எடத்துல உங்க பேரை எழுதிடுங்க.”

மேலாளர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையின் சமையலறைத் தலைவி நேரிலேயே வந்தார். சிரிக்கத் தெரியாத அம்மா. உட்காரக்கூட இல்லை. இருபது வரிசைகளைத் தானே பொறுக்கி, ஒட்டியிருந்த வரிகளை வலைப்பக்கங்களோடு ஒப்பிட்டார். இருபதும் சரி. அப்புறம் கோடுகள் எங்கே என்று கேட்டு, முப்பத்தாறையும் படித்தார். மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்த முப்பத்தாறும் எங்க சமையலறைக்குள்ள வராது” என்றார் அந்த அம்மா. “எத்தனையோ பேர் லிஸ்ட் குடுத்திருக்காங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொன்ன லிஸ்ட் இதுதான். யார் பண்ணது?”

மென்பொருள்காரர்தான் முதலில் கையை நீட்டி ஜன்னல் பக்கம் காட்டினார். அந்த அம்மா போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இனி எல்லா அட்டவணையும் இங்கிருந்துதான், அதுவும் இவர் பார்த்த பிறகுதான் வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

மாதக் கடைசியில் மென்பொருள்காரர் தன் கம்ப்யூட்டரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, ஜன்னலருகே தயங்கி நின்றார்.

“நான் எங்க உக்காரட்டும்க்கா?”

நீல நாடா சுற்றிய கைப்பிடியில் கையை ஊன்றிக்கொண்டு, அக்கா மேஜைக்கடியில் கிடந்த ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

நான் கைதட்டினேன். இந்தத் தடவை சரியான ஆளுக்கு.