கோணல் மடிப்பு

பன்னிரண்டு வருஷமாகக் கடலூர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடிக்கிறவள் புஷ்பமேரி. மடிப்பதோடு முடிந்ததா? சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்ட வேண்டும், "வேற கலர்?" என்றால் இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். வந்தவர்கள் "அப்புறமா வர்றோம்" என்று எழுந்து போவார்கள். அவள் குவியலோடு நிற்பாள். பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்கார்ந்த நாள் நினைவில்லை.

நெல்லிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். வீட்டுக் கட்டிலிலும் துவைத்த துணி மலையாகக் கிடக்கும். ஒரு நாள் அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஒன்பது வயது மகன் ஜெகனிடம், "இனிமே துணி மடிக்கிறது உன் பொறுப்புடா" என்றாள்.

அவனும் மடித்தான். சட்டைக் கை வெளியே தொங்கும், துண்டு உருண்டையாக இருக்கும். அவளுடைய பாழாய்ப்போன கை சும்மா இருக்குமா? டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பிரித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் திரும்ப மடிப்பாள். அவன் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் வாரம் துணி மடிக்காமலே கிடந்தது.

"ஏன்டா மடிக்கல?"

"நீதான் எல்லாத்தியும் பிரிச்சிடுறியேம்மா. நான் எதுக்கு மடிக்கணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. தான் மடித்ததை யாரோ பிரித்துப் போட்டுப் போகும்போது தினமும் வயிறு எரிகிறதே, அதைத்தானே பிள்ளைக்கும் செய்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"இனிமே தொடமாட்டேன்டா."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் காலை அவளுடைய யூனிஃபார்ம் புடவை அவன் மடித்தபடி இருந்தது, குறுக்கே நாலு கோணல் மடிப்போடு. அயர்ன் பாக்ஸை எடுத்தாள். அவன் பல் விளக்கிக்கொண்டே பார்த்தான். வைத்துவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டு போனாள்.

"புடவை விக்கிறவளே இப்பிடி வந்தா எப்பிடி? இன்னிக்கி குடோன்லயே நில்லு" என்றார் சூப்பர்வைசர் வைத்திலிங்கம். வெளிச்சமில்லாத குடோனில் சாயங்காலம் வரை மூட்டை பிரித்து அடுக்கினாள். இடுப்பு விட்டுப்போனது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெகன் கேட்டான். "நல்லா இருந்துதாம்மா?"

"கோணலாதான்டா இருந்துது. சார்கூட திட்டுனாரு."

அவன் முகம் சுண்டியது. "அப்பறம் ஏம்மா கட்டிக்கினு போன?"

"நீ மடிச்சதாச்சே."

அவன் அன்றைய துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி மெதுவாக மடிக்க ஆரம்பித்தான். இன்றைக்கும் கோணல்தான். புஷ்பமேரி இரண்டு கைகளையும் தலைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்தாள்.