வெற்றிலைக் கை வைத்த விரிசல்

அறுபதுகளின் தொடக்கத்தில், கோவையில் எங்கள் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தபோது நடந்தது இது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, மில், லாரி, தேயிலைத் தோட்டம் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றியவன் நான். கடைசியில் சர்க்கஸ் பேண்டில் டிரம்பெட் ஊதச் சேர்ந்திருந்தேன். சோறு உறுதி, ஊர் ஊராகப் போகலாம். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒருநாள் கூடாரக் கயிறு தெறித்து வாயில் அடித்தது. மேல் முன்பல் ஒன்று வலி எடுத்து, டிரம்பெட்டை உதட்டில் வைத்தாலே கண்ணில் நீர் வந்தது. போத்தனூர்க்காரரான பேண்டு மாஸ்டர், "பல்லு இருந்தா டிரம்பெட்டு. இல்லீன்னா யானைக்குத் தழை வெட்டப் போயிரு கண்ணு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என் இடத்தைக் கேட்டு ஓர் ஆள் தினமும் கூடார வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தான்.

பீளமேட்டில் ஓர் அம்மா பல் டாக்டராக இருந்தார். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தீப்பெட்டியைவிடச் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்தார். எக்ஸ்ரே பிலிம் என்றால் நெஞ்சுக்கு எடுக்கும் முறம் அளவுத் தகடுதான் எனக்குத் தெரியும். "இத்தினியூண்டுலயா படம் புடிக்கறீங்க?" என்றேன்.

"பல்லுக்கு இது போதுங்க. கொழந்தைகளுக்கு இன்னும் சின்னது இருக்குது. கடிச்சுப் புடிக்கறக்கு வால் வெச்சதுகூட இருக்குது. இந்த மேடான புள்ளி மெஷின் பக்கம் பாக்கோணும். பல்லுக்குப் பின்னால வெச்சு, கட்டைவெரல்ல புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மெஷினை இழுத்துவரத் திரும்பினார்.

சொன்னபடி வைத்துக்கொண்டேன். மெஷின் 'சர்'ரென்று இரைந்து அடங்கியது. டாக்டர் இருட்டறைக்குப் போய், ஈரம் சொட்டும் பிலிமோடு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"வேர் விரிஞ்சிருக்குதுங்க. எடுத்துத்தான் ஆகோணும்."

நானும் பார்த்தேன். பிறை போல வளைந்து ஒரு கறுப்புக் கோடு. யானையும் தழையும் கண்முன் வந்தன. "இன்னிக்கு ஒரு ஆட்டம் ஊதிப்போட்டு வாரேனுங்க, அப்புறம் எடுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் பிலிமை மறுபடியும் உயர்த்திப் பார்த்தார். "ஏனுங்க, இந்தக் கோடு பக்கத்துப் பல்லுலயும் ஓடுது, பல்லே இல்லாத எடத்துலயும் ஓடுது. இது நெசமான விரிசல்னா உங்க மூஞ்சியே ரெண்டா இருக்கோணுமே!"

இருட்டறையிலிருந்து பிரித்துப்போட்ட பொட்டலத்தை எடுத்துவந்து மேசையில் பரப்பினார். வெளியே வெள்ளை உறை. உள்ளே வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்புக் காகிதம். பின்பக்கம், தேயிலைப் பெட்டிக்குள் இருப்பது போல மெல்லிய ஈயத் தகடு. அந்த ஈயத்திலும் அதே பிறை பதிந்திருந்தது.

"பிலிமுக்கு ரெண்டு பக்கமும் மருந்து பூசியிருக்குதுங்க. நகம் அழுத்துனாலே கோடு உழுந்துரும்" என்றவர், சிவந்து கறைபிடித்த என் கட்டைவிரலைப் பார்த்தார். "வெத்தலை போடுவீங்களா?"

அப்போதுதான் எனக்கே புரிந்தது. இலை போல எது கைக்கு வந்தாலும், வாய்க்குப் போகும் முன் நகத்தால் காம்பைக் கிள்ளி மடித்துவிடும் கை இது. அவர் திரும்பியிருந்த நேரத்தில் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயாம்மா, "நல்லவேளைங்க, சுண்ணாம்பு தடவாம உட்டாரு!" என்றார். டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியை மறந்து நானும் சிரித்தேன்.

அடுத்த பொட்டலத்தை அவரே வாயில் வைத்த பிறகுதான் என் விரலை அனுமதித்தார். இந்தமுறை வேர் முழுசாக இருந்தது. அடிபட்ட வலிதான், கொஞ்ச நாள் ஊதாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார். மாஸ்டரும் மனம் இரங்கி, அதுவரை பேண்டில் பெரிய பித்தளைத் தாளத்தைத் தட்டச் சொன்னார். என் இடத்தைக் கேட்டுக் கூடார வாசலில் நின்றவன் சலித்துப்போய் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

அந்தப் பல் இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. எங்கேயாவது விரிசல் தெரிந்து மனம் பதறினால், பிடுங்கி எறியும் முன் என் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.