லா சப்பலிலிருந்து நரக வாசலுக்கு: றீற்றா அக்காவோடு ஒரு ஞாயிறு

முதலிலேயே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் பதினாறு வருசம் குடியிருந்தவன் நான். அவ்வளவு காலத்திலும் ஒரு மியூசியத்துக்குள் காலடி வைத்ததில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வந்தால் ஐஃபல் கோபுரத்தைக் காட்டுவேன், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுப்பேன். மியூசியம் எங்கே என்று கேட்டால், "இன்றைக்குப் பூட்டு" என்பேன். எந்தக் கிழமை கேட்டாலும் பூட்டுத்தான். ஒரு மைத்துனர் பத்து நாள் வந்து நின்றார். பத்து நாளும் பூட்டு. பிரெஞ்சுக்காரர் சரியான சோம்பேறிகள் என்ற எண்ணத்தோடுதான் அந்த மனுசன் விமானம் ஏறினார்.

ஆகவே, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவன் எழுதும் மியூசியக் கட்டுரை இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். சிற்பம் பற்றி நான் ஏதாவது பிழையாகச் சொன்னால் திருத்துங்கள். கொத்து பற்றிச் சொன்னால் திருத்த வேண்டாம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் றீற்றா அக்கா. என்னோடு ஒரே அறையில் இருந்த சூசை அண்ணையின் மனைவி. பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருக்கிறார். சூசை அண்ணை போன வருசம் தை மாதம் வேலை செய்த இடத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தவறிப்போனார். அவர்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். செத்தவர்களின் ஆன்மாவுக்காகத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுப்பது அவர்களுடைய வழக்கம். முப்பத்தோராம் நாளுக்கும் கொடுப்பார்கள், ஆண்டுத் திவசத்துக்கும் கொடுப்பார்கள், நவம்பர் மாதம் முழுக்கக் கொடுப்பார்கள். றீற்றா அக்கா ஒரு பூசையும் கொடுக்கவில்லை. சனம் கதைத்தது.

இந்த வருசம் ஐப்பசியில் எனக்குப் போன் எடுத்தார். "யோகன், உந்தப் பெரிய கதவு ஒண்டு பாரிஸிலை கிடக்காமே, நரகத்துக் கதவு. கொண்டுபோய்க் காட்டுறன், காட்டுறன் எண்டு சொல்லியே அவர் போயிட்டார். நீர் ஒருக்கா கூட்டிக்கொண்டு போவீரோ?" என்றார். ஏன் இப்போது என்று கேட்டேன். "அவர் எங்கை இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சால்தான் பூசை குடுக்கலாம்" என்றார். பகிடிக்காரன் என்று பெயர் எடுத்த நான் பகிடி விடாமல் அன்றைக்கே ரயில் டிக்கெட் போட்டேன்.

கதவு என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். எழுநூறு வருசத்துக்கு முந்தி இத்தாலியில் ஒரு கவிஞர் இருந்தாராம். உயிரோடேயே நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததாகப் பாடியிருக்கிறார். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவிலே, பாவக்கறை கழுவும் வரை ஆன்மாக்கள் காத்திருக்கும் இடம். யோசித்துப் பார்த்தால் அந்த ஆளும் எங்களைப் போல ஒரு பயணக் கட்டுரைக்காரர்தான். வழிகாட்டி ஆர், எந்தப் பக்கம் இறங்கினேன், வழியில் ஆரைக் கண்டேன் எல்லாம் இருக்கிறது. டிக்கெட் விலை மட்டும் இல்லை. அந்த நரகத்தைத்தான் பின்னாளில் ஒரு பிரெஞ்சுச் சிற்பி வெண்கலக் கதவாகச் செய்து வைத்திருக்கிறார்.

நான் இப்போது ஸ்திராஸ்பூரில் இருக்கிறேன். அதிவேக ரயில், ஒரு மணி ஐம்பது நிமிசம், முன்கூட்டியே எடுத்தால் 39 யூரோ. நவம்பர் முதல் ஞாயிறு காலை ஒன்பது பத்துக்கு பாரிஸின் கார் து லெஸ்ற் ரயில் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து லா சப்பலுக்குப் பதினைந்து நிமிச நடை. மெத்ரோ என்கிற நிலத்தடி ரயில் எடுக்க வேண்டாம், நடந்தே போங்கள். வழியிலேயே கறிவேப்பிலை மணக்கத் தொடங்கிவிடும்.

நேரம் இருந்தபடியால் ரூ பிலிப்-து-ஜிரார் தெருப் பக்கம் போனேன். எங்களுடைய பழைய கட்டடம் அப்படியே நிற்கிறது. கீழே முந்தி தமிழ்ப் பட வீடியோக் கொப்பி வாடகைக்குக் கொடுத்த கடை, இப்போது போன் திருத்துகிற கடை. மூன்றாம் மாடி யன்னலில் ஆரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். அந்த யன்னலுக்குப் பின்னால் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். இப்போது மூன்று பேர் கனடாவில், இரண்டு பேர் லண்டனில். ஒருவர் எங்கே என்று தெரியாது. பிறகு நானும், சூசை அண்ணையும்.

அப்போது ஞாயிறு மத்தியானம் என்றால் ஆட்டிறைச்சிக் கறி. வெங்காயம் வெட்டுவது சூசை அண்ணையின் பொறுப்பு. அவர் ஓர் இத்தாலிக்காரனின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்த முதலாளி வைன் உள்ளே போனால் அந்த நரகத்துக் கவிதையை எடுத்துவிடுவானாம். அவன் இத்தாலிய மொழியும் பிரெஞ்சும் கலந்து சொன்னதை இவர் பாதி விளங்கிக்கொண்டு வந்து, மீதியைத் தானே சமைத்து எங்களுக்குப் பரிமாறுவார். நரகம் ஒன்பது வட்டம். ஒவ்வொரு கிழமையும் எங்களில் ஒருவரைப் பிடித்து ஒரு வட்டத்தில் போடுவார். சுடுதண்ணி முழுக்க முடிக்கிறவனுக்கு ஒரு வட்டம், மற்றவனுடைய ஷாம்பூ எடுக்கிறவனுக்கு இன்னொன்று. எனக்கு நிரந்தரமாக எட்டாம் வட்டம், புளுகர்களின் வட்டம். சோறு அடிப்பிடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருப்போம். இப்போது எவ்வளவோ நல்ல கறி சாப்பிடுகிறேன், ஆனால் அடிப்பிடித்த அந்தச் சோற்றின் மணம் எங்கேயும் கிடைக்கவில்லை.

பத்து மணிக்கு றீற்றா அக்கா டி புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பை, பைக்குள் எனக்கு உளுந்து வடை. லா சப்பல் நிலையத்தில் இரண்டாம் நம்பர் மெத்ரோ, போர்த் தோஃபீன் பக்கம் போவது. டிக்கெட் இரண்டரை யூரோ சொச்சம். பார்பெஸ் வரை வண்டி மேலே பாலத்தில் ஓடும், பிறகு கொஞ்சத் தூரத்தில் நிலத்துக்குள் இறங்கிவிடும். இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்தார்.

"இப்பவே இறங்கத் தொடங்கிட்டம்" என்றார்.

"இன்னும் பிளாஸ் து கிளிஷியிலை மாறோணும் அக்கா. நேர் வண்டி இல்லை."

"நரகத்துக்கும் மாறி மாறித்தான் போகோணுமோ? இதுக்கு அவர் தனியப் போனது சுகம்."

பிளாஸ் து கிளிஷியில் பதின்மூன்றாம் நம்பருக்கு மாறி, ஆறாவது நிறுத்தம் வரேனில் இறங்க வேண்டும். மேலே வந்தால் கதவு இருக்கிற மியூசியம் இரண்டு நிமிச நடை. குளிர்காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அதனால் வரிசை இருந்தது, நாற்பது நிமிசம் நின்றோம். மற்ற நாளில் பதினைந்து யூரோ அளவில் வரும்.

கதவு தோட்டத்தில் நிற்கிறது. ஆறு மீட்டர் உயரம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுத்த பச்சைச் சுவர். கிட்டப் போனால் அதில் மனிதர்கள் வழிகிறார்கள், விழுகிறார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மேலே நடுவில் ஒருவர் நாடியைக் கையில் தாங்கியபடி குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். வீட்டு வாடகை கட்ட வேண்டிய நாளில் நாங்கள் எட்டுப் பேரும் அப்படித்தான் இருப்போம்.

றீற்றா அக்கா கண்ணாடியைப் போட்டார். இடது பக்கம் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். கலியாண அல்பத்தில் தெரிந்த ஆளைத் தேடுவது போல. நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் நின்றேன். எனக்கு அது லேசான வேலை இல்லை.

"ஒருத்தருக்கும் உடுப்பில்லை, யோகன்."

"நரகத்திலை வெக்கைதானே அக்கா."

"அப்ப இவர் இஞ்சை இல்லை. சாறம் இல்லாமல் அந்த மனுசனை ஒரு இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகேலாது."

பக்கத்தில் நின்ற காவலாளியிடம், இந்தக் கதவு திறக்குமா என்று தன் பிரெஞ்சில் கேட்டார். "ஜமே, மதாம்" என்றார் அவர். ஒருபோதும் இல்லையாம். திறப்பதற்குக் கைபிடிகூட வைக்கவில்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டு தோட்டத்து மர வாங்கில் போய் இருந்தார். வடைப் பொதியை மடியில் வைத்தார். பிரிக்கவில்லை.

"பகிடியை விடும். இருபது வருசமாய் அவர் சுவாமியாரிட்டைப் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை. ஞாயிறும் வேலை, திங்களும் வேலை. கடைசியிலை சுவாமியாரைக் கூப்பிட்டம், அவர் வந்து சேரேக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது. சாகிற நேரத்திலை எண்ணெய் பூசுற அவஸ்தைப்பூசுதல்கூட இல்லாமல் போனவர். நரகத்துக்குப் போனவைக்குப் பூசை போய்ச் சேராது, தெரியுமோ உமக்கு? நான் பூசையைக் குடுத்து, அது போற இடம் இல்லாமல் நிக்கிறதை நினைச்சால்..."

எனக்கு அவர்களுடைய வேதம் தெரியாது. நான் பிள்ளையாரோடு நிற்கிறவன். கடைசி நேரத்தில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"கதைக்கேல்லை. இடது கண்ணாலை கொஞ்சம் தண்ணி வந்தது. நேர்ஸ் துடைச்சுப்போட்டு, அது மருந்துக்கு வாறது எண்டவ. நானும் அப்பிடித்தானாக்கும் எண்டு விட்டுட்டன்."

எனக்கு உடனே அந்த அறை ஞாபகம் வந்தது. சூசை அண்ணை நரகத்தை முடித்து, அடுத்ததாக மலையைத் தொடங்கிய ஞாயிறு. அந்தக் கவிஞரின் உத்தரிக்கிற ஸ்தலம் ஒரு மலை. அக்காவுக்குச் சொன்னேன். மலையடிவாரத்தில் ஒரு சண்டைக்காரன் நிற்கிறான். சீவியம் முழுக்கக் கடவுளை நினைக்காதவன். சண்டையில் கழுத்தில் குத்து விழுந்து, ஓடிப்போய் ஓர் ஆற்றங்கரையில் விழுகிறான். கடைசி மூச்சில் மாதாவின் பெயரைச் சொல்கிறான், கண்ணில் ஒரு துளி வருகிறது. அவ்வளவுதான். தேவதூதனான சம்மனசு வந்து ஆன்மாவைத் தூக்கிவிட்டது. பிசாசு பின்னால் நின்று, ஒரு துளிக்காகவா என்னிடமிருந்து பறிக்கிறாய் என்று கத்துகிறது. அவனைப் போலப் பிந்தி மனம் திரும்பியவர்கள் மலையடியில் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். ஆனால் உயிரோடு இருப்பவர்கள் மன்றாடினால் காத்திருப்பு குறையும்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உது அவர் சொன்னதோ, நீர் இப்ப கட்டினதோ?"

"எனக்கு இவ்வளவு கட்ட வராது அக்கா. புத்தகத்திலை கிடக்கோ தெரியாது. அண்ணை சொன்னவர். சொல்லேக்குள்ளை அழுதவர்."

"வெங்காயம் வெட்டினவரோ?"

"ஓம். வெங்காயமும் வெட்டினவர்."

அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். கதவை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். எழும்பினார்.

"மருந்துக்கோ, வேறை எதுக்கோ, தண்ணி வந்தது வந்ததுதானே. பின்னேரம் தமிழ்ப் பூசை எத்தினை மணிக்கு?"

போனில் தேடிப் பார்த்தேன். "ஐஞ்சரைக்கு."

"அப்ப வடையைச் சாப்பிடும். போவம்."

திரும்பும் வழியில் யோசித்தேன். நரகத்துக்குக் கதவு செய்ய ஒருவர் எத்தனையோ வருசம் மினக்கெட்டிருக்கிறார். மலைக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. நாங்கள்கூட அந்த அறையில் நரகத்துக் கதை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். மலை வந்ததும் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். நான் அன்றைக்கு ஏன் படுக்கவில்லை என்று தெரியவில்லை. இறைச்சிக்குப் பசியாக இருந்திருக்கும். எப்படியோ, சூசை அண்ணை சொன்ன கதை அவருக்கே உதவும் என்று அன்றைக்கு ஆர் நினைத்தது?

போக நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை உண்மையாகவே பூட்டு. இலவச ஞாயிறு மாறக்கூடும், போக முன் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் காற்று, காது மூடத் தொப்பி வேண்டும். உள்ளே கோப்பி விலை கூட, லா சப்பலிலேயே வயிற்றைக் கவனித்துவிட்டுப் புறப்படுங்கள். கதவுக்கு முன்னால் அரை மணி நேரமாவது நில்லுங்கள், முதல் பத்து நிமிசம் ஒன்றும் தெரியாது.

பூசை ஒப்புக்கொடுக்க விரும்பும் என்னைப் போன்ற சைவக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேதக் கோயில் வாசலில் ஒரு தட்டு இருக்கும். காணிக்கையை என்வலப்பில் வைத்து, மேலே பெயரை எழுதிப் போட வேண்டும். பதினெட்டு யூரோ. றீற்றா அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தபடியால் என்னை எழுதச் சொன்னார். கலியாண வீட்டு என்வலப்பில் எழுதுகிற பழக்கத்தில், வடிவான எழுத்தில் என் பெயரை எழுதிப் போட்டேன். எழுத வேண்டியது செத்தவருடைய பெயராம். பூசை தொடங்கும்போது சுவாமியார், மரித்த சகோதரர் யோகராசாவின் ஆன்மா இளைப்பாற்றி அடையும்படி மன்றாடுவோம் என்றார். கோயில் முழுக்க மன்றாடியது. பெயர் கேட்டதும் நான் எழும்பி நின்றேன். சூசை அண்ணையின் பூசை அடுத்த ஞாயிற்றுக்கு வைத்திருக்கிறார்கள். என்னுடையது நிறைவேறிவிட்டது.